வலி போன கழுத்து

தங்கச்சி... ஏ தங்கச்சி... கோவிச்சுக்காதீங்கம்மா, நல்ல தூக்கத்துல எழுப்பிட்டேன். கழுத்தை அப்படி ஜன்னல் கம்பியில தொங்கப்போட்டுத் தூங்காதீங்க. பஸ் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா போதும், பிடிச்சுக்கும். ஒரு தடவை பிடிச்சா லேசுல விடாது. பட்டவ சொல்றேன். தூக்கம் வந்தா என் தோள்ல சாஞ்சுக்கங்க. கூச்சப்படாதீங்க. போன வருஷமா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இந்தப் பக்கத்துத் தோள்ல ஒரு ஈ வந்து உக்காந்தாக்கூட உயிர் போயிட்டு வரும். இப்பப் பாருங்க, எப்படித் திருப்புறேன். அந்தப் பக்கம். இந்தப் பக்கம். வலி போயிருச்சு. அல்ஹம்துலில்லா, சுத்தமாப் போயிருச்சு.

அதனாலதான் இன்னைக்கு இந்த பஸ்ல வர்றேன். என் கடைசி மகனைக் கூட்டிட்டு வரப் போறேன்.

நீங்க திண்டுக்கல் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலயே, வத்தலக்குண்டு தாண்டினதும் இறங்கிருவேன். அங்க ஒரு காப்பகத்துல விட்டிருக்கோம் அவனை. இத்ரீஸ்னு பேரு. நான் இன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வர்றது வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. மகள்கிட்ட, பெரியகுளத்துல ஒரு மவுத்து, போய்ப் பார்த்துட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். பொய்தான். அல்லா மன்னிக்கணும். செத்தது யாருன்னு அவ கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னே தெரியல. நல்லவேளை, அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடிட்டா.

இங்க தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க, வலிக்காது. நகை போட்டா வந்து உக்காருற இடம் இருக்குல்ல, அங்க. மேடா இருக்கா? காறை எலும்புன்னு சொல்றாங்க. அது முறிஞ்சு ஒட்டின இடம்தான் அது. ரொம்ப வருஷமாச்சு. என் வீட்டுக்காரர் அப்ப உயிரோட இருந்தாங்க. இத்ரீஸை மதுரையில பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திரும்பி வர்றோம். அவன் பிறந்ததுல இருந்து நடக்க மாட்டான். மத்தபடி ஒரு குறையும் இல்ல. பேச்சும் அவ்வளவா வராது, ஆனா நம்ம பேசுறதெல்லாம் தெரியும் அவனுக்கு. அன்னைக்கு நல்ல மழை. வீட்டுக்காரர் பையெல்லாம் எடுத்துக்கிட்டு முன்னால இறங்கிட்டாங்க. நான் பிள்ளையோட இறங்குறேன். பஸ் படியில கால் வழுக்கிருச்சு.

கையை ஊணியிருந்தா கையோட போயிருக்கும். கையை எப்படி ஊண்றது, கையிலதான் பிள்ளை இருக்கானே. அவன் அடியில மாட்டிக்கக் கூடாதுன்னு உடம்பை ஒரு திருப்புத் திருப்பிட்டேன். நான் கீழே, அவன் மேலே. விறகு முறியுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல டீக்கடை, அங்கதான் யாரோ விறகு முறிக்கிறாங்கன்னு நெனச்சேன். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. ரப்பு, அந்த அல்லாதான் காப்பாத்தினான். விளையாட்டுன்னு நெனச்சு என் மேல படுத்துக்கிட்டு சிரிக்கிறான்.

எல்லாம் அந்த மழையால வந்தது. படி ஈரம். கண்டக்டரும் அவசரப்பட்டு விசில் அடிச்சுட்டாரு.

கட்டுக் கட்டுற வைத்தியர் வந்தாரு. உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைச்சுப் போட்டு, துணியை இறுக்கிச் சுத்தி, கையைக் கழுத்தோட தொங்கவிட்டாரு. "ஜெய்த்தூன்மா, இந்தக் கையை அசைக்கவே கூடாது"ன்னு சொன்னாரு. நான் அசைக்கவே இல்லை. அந்தக் கையை. இத்ரீஸோட வேலையெல்லாம் இந்தக் கையாலதான் பார்த்தேன். ஒத்தைக் கையால குளிப்பாட்டி, ஒத்தைக் கையால அணைச்சு முற்றத்துக்குக் கொண்டுபோயி, எல்லாம். கட்டைப் பிரிச்சுப் பார்த்தா எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டிக்கிடக்கு. "என் கட்டு இப்படிப் போகாதேம்மா, எங்க தப்பு நடந்துச்சு"ன்னு அந்த மனுஷன் வாசல்ல உக்காந்து வருத்தப்பட்டாரு. பாவம். நான்தான் தேத்தினேன். விடுங்க வைத்தியரே, அல்லா நாட்டம்னு.

அதுக்கப்புறம் பல வருஷம் ஒண்ணும் இல்லை. மேடு இருந்துச்சு, வலி இல்லை. என் வீட்டுக்காரர், அவன் அத்தா, மவுத்தானாங்க. பெரியவன் தாவூது பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போயிட்டான், அங்கேயே குடும்பமாயிட்டான். மகள் பரீதாவைப் பக்கத்துத் தெருவுலயே கட்டிக் கொடுத்தோம். நானும் இத்ரீஸும் வீட்ல. அவங்க அத்தா இருந்தவரைக்கும் அவங்களும் அவனைப் பார்த்துக்குவாங்க. அப்புறம் நான் மட்டும்தானே. அவனும் வளர்ந்துட்டான். மீசை வந்துருச்சு. நான்தான் மழிச்சு விடுவேன், கன்னத்தைக் கோணி வச்சுக்கிட்டு அசையாம இருப்பான், சிரிப்பு வரும் பார்த்தா.

அப்பத்தான் இந்த வலி ஆரம்பிச்சது. முதல்ல காறை எலும்புக்கு மேல ஊசியால குத்துற மாதிரி. அப்புறம் கழுத்து. அப்புறம் பின்னால தோள்பட்டை. அப்புறம் கை வழியா இறங்கி சுண்டு விரல் மரத்துப்போகும். காலையில எந்திரிச்சா கழுத்து சிமெண்டு போட்ட மாதிரி நிக்கும்.

ஏன் வலிக்குதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா, வாயுதான்னு சொல்லி பூண்டை நெய்யில வதக்கிக் கொண்டுவந்து கொடுத்தாங்க. நல்ல மனசு. பூண்டைத் தின்னு தின்னு வீடே ஊறுகாய்ப் பானை மாதிரி ஆச்சு, வலி போகல. பள்ளிவாசல் அஜரத்து வீட்டம்மா கண்ணேறுன்னு சொன்னாங்க. அஜரத்து ஓதிக் கொடுத்த தண்ணியைக் குடிச்சேன். தாவூது போன்ல, "தலகாணி உசரமா வைக்கிறீங்களா?"ன்னு கேட்டான். தலகாணியை எடுத்துட்டு வெறும் பாய்ல படுத்தேன். மருமக பின்னாலயிருந்து, "அத்தை செல்லு பார்த்துக்கிட்டே இருக்காங்களோ"ன்னா. என்கிட்ட இருக்கிறது பட்டன் அமுக்குற போனு. அதுல என்னத்தைப் பார்க்குறது, மணியா?

பரீதா மட்டும் ஒண்ணும் சொல்லாம இருந்தா. ஒருநாள் மதியம் வந்தா. நான் இத்ரீஸை முற்றத்துல வெயில்ல உக்கார வச்சுட்டு அப்பத்தான் உள்ள கொண்டுவர்றேன். வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா.

"ம்மா, உங்களுக்கு ஏன் கழுத்து வலிக்குதுன்னு ஊரெல்லாம் கேக்குறீங்களே. கண்ணாடியைப் போய்ப் பாருங்க."

"கண்ணாடியில என்னடி இருக்கு?"

"உங்க கழுத்துல ஒரு ஆம்பள தொங்குறான்."

"உன் தம்பிடி அவன்."

"தம்பிதான். அதுக்காக? மீசை மழிக்கிற வயசுல இடுப்புல வச்சுக்கிட்டுத் திரியுறீங்க."

"இடுப்புல எங்க வச்சேன், தோள்லதான்."

"இதுல நக்கல் வேற"ன்னு சொல்லிட்டு அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். ஆனா அவ சும்மா பேசுறவ இல்லை. பேசினா அண்ணன்கிட்டயும் பேசிட்டுத்தான் பேசுவா.

அப்படித்தான் ஆச்சு. காப்பகம்னு ஒண்ணு இருக்கும்மா, அங்க தம்பி மாதிரிப் பிள்ளைகள் நிறைய இருக்காங்க, ஆம்பள ஆளுங்களே பார்த்துக்குவாங்கன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் சொல்லிட்டேன். டாக்டர் சொல்லட்டும். அவனாலதான் வலின்னு டாக்டர் சொன்னா அனுப்புறேன். பழைய அடியாலன்னு சொன்னா அனுப்ப மாட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க.

அன்னையில இருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் எனக்கு அது ஒண்ணுதான் துவா. யா ரப்பே, இது பழைய அடியாவே இருக்கணும். இல்லைன்னா வாயுவா இருக்கட்டும். இதயமா இருந்தாலும் பரவாயில்லை. இடது பக்கம் தோள் வலிச்சா இதயமா இருக்கும்னு சொல்றாங்கல்ல, அதனால முதல்ல நெஞ்சுக்கு வயர் வச்சுப் படம் எடுத்தாங்க. அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டு, "இதயம் நல்லாருக்கும்மா"ன்னு படம் எடுத்த நர்ஸுப் பிள்ளை சொல்லுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. சந்தோஷத்துல அழுறேன்னு நெனச்சுக்கிட்டு அது என் கையைப் பிடிச்சுத் தட்டிக் கொடுக்குது.

எலும்பு டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. அமைதியான பொண்ணு. படத்தை வெளிச்சத்துல வச்சுப் பார்த்துச்சு. மேட்டை அமுக்கிப் பார்த்துச்சு. விரலைக் குத்திக் குத்தி, தெரியுதா தெரியுதான்னு கேட்டுச்சு. அப்புறம் எனக்குப் புரியுற மாதிரி சொல்லுச்சு. எலும்பு ஏறி ஒட்டியிருக்கிறதால அதுக்கு அடியில போற நரம்பு நசுங்கலாம். இல்லைன்னா கழுத்துத் தண்டுல தேய்மானம் இருக்கலாம். இல்லைன்னா அந்தத் தோளைக் காப்பாத்துறேன்னு இத்தனை வருஷம் கழுத்தைக் கோணலாப் பிடிச்சு, சதை இறுகியிருக்கலாம். மூணும் சேர்ந்தும் இருக்கலாம்.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தியா, எல்லாம் பழைய அடிதான்னு கண்ணாலயே சொன்னேன். கழுத்து திரும்பல, உடம்போட திரும்பினேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு கேட்டுச்சு. "பாரம் ஏதாவது தூக்குறீங்களாம்மா?"

"பொட்டுப் பாரம் தூக்குறதில்லை டாக்டர். தண்ணிக்குடத்தைக்கூட மகள்தான் எடுத்து வைக்கிறா. அரிசி மூட்டையைக் கடைப்பையன் உள்ள வந்து போட்டுட்டுப் போறான். துணி உலர்த்துற கயித்தைக்கூட கீழ இறக்கிக் கட்டிட்டேன்."

சத்தியமான வார்த்தை தங்கச்சி. பொய் சொல்லல நான்.

"அப்ப வீட்ல என்னதான் வேலை?"

"சமைப்பேன். தொழுவேன். பிள்ளையைப் பார்த்துக்குவேன்."

"பேரப்பிள்ளையா?"

"மகன்."

"என்ன வயசு?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பரீதா சொல்லிட்டா. "இருபத்தாறு டாக்டர். நடக்க மாட்டான். படுக்க, உக்கார, குளிக்க, கக்கூஸ் போக, எல்லாத்துக்கும் இவங்கதான் தூக்குறாங்க."

"நான் எங்க தூக்குறேன்? அவன்தானே என்னைப் பிடிச்சுக்குவான்"னு சொன்னேன்.

நிஜம்தாம்மா அது. நான் குனிஞ்சு கழுத்தைக் கொடுத்தாப் போதும். ரெண்டு கையையும் பின்னால கொண்டுபோயி, ஒரு கையால இன்னொரு கை மணிக்கட்டைப் பிடிச்சுப் பூட்டிக்குவான். இறுக்கமா. அவன் வலது கை சரியா வராது, அதனால இந்த இடது பக்கமாத்தான் சாஞ்சு தொங்குவான். நான் நிமிர்ந்தா அவனும் கூடவே வந்துருவான். அதைப் போயி தூக்குறதுன்னு யாராவது சொல்லுவாங்களா?

டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு, "அவர் எத்தனை கிலோ இருப்பாரு?"ன்னு கேட்டுச்சு.

"பெத்த பிள்ளையை யாரும்மா தராசுல வைப்பா?"ன்னேன்.

அந்தப் பொண்ணு சிரிக்கல. பழைய எலும்பு எப்படி உடைஞ்சதுன்னு கேட்டுச்சு. மழை, படி ஈரம்னு ஆரம்பிச்சேன். பரீதா என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, கையில யாரு இருந்தான்னு அதையும் சொல்லிட்டா. என்ன அவசியம்? படி வழுக்கினதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியா டாக்டர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கு. "அம்மா, வலி சரியாகுற வரைக்கும் நீங்க அவரைத் தூக்கவே கூடாது. மீறித் தூக்கினா விரல் செத்துரும், அப்புறம் கையே விளங்காது." வலி சரியாகுற வரைக்கும். கேட்டீங்களா? அதுதான் அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தை. பரீதாவும் பக்கத்துலதான் இருந்தா. அவளும் வெளிய வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க கழுத்து சரியாகட்டும்மா, அப்புறம் பார்ப்போம்"னு சொன்னா. சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு என்னைவிட அதிகமா அழுதா. அவளுக்கும் தம்பிதானே.

அனுப்புற அன்னைக்கு தாவூது கார் பிடிச்சுட்டு வந்திருந்தான். இத்ரீஸுக்குப் புதுச் சட்டை. ஊருக்குப் போறோம்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் சொன்னதைக் கேட்டு தாவூதுதான் அவனைத் தூக்கி வண்டியில வச்சான். நான் பக்கத்துல உக்காந்து போனேன். அங்க போயிக் கட்டில்ல உக்கார வச்சாச்சு. அங்க இருக்கிற சார் நல்ல மனுஷன், இனிமே நாங்க பார்த்துக்குறோம்மான்னாரு. நான் முத்தம் கொடுக்கக் குனிஞ்சேன். அவன் பூட்டிக்கிட்டான்.

கழுத்துல அப்ப வலி உச்சத்துல இருந்த சமயம். கண்ணு இருட்டிருச்சு எனக்கு. ஆனா நான் சத்தம் போடல தங்கச்சி. நிமிர்ந்தா அவன் கூடவே வந்துருவான்னு தெரியும், அதனால நிமிரவும் இல்லை. அப்படியே குனிஞ்சு நிக்குறேன். தாவூது ஒரு விரல், பரீதா ஒரு விரல்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்க. ஒண்ணைப் பிரிச்சா முன்னால பிரிச்சது போய் மறுபடியும் மாட்டிக்குது. "வா ம்மா, வா ம்மா"ன்னு அது ஒண்ணுதான் சொல்றான். அவனுக்கு வர்ற வார்த்தையே கொஞ்சம்தான்.

...கர்ச்சீப்பு வேண்டாம்மா, முந்தானை இருக்கு.

அப்புறம் என்ன. வீட்டுக்கு வந்தேன். கழுத்துக்குப் பட்டை போட்டாங்க. பரீதா தினம் தைலம் தேய்ச்சு விட்டா. ஒத்தடம் கொடுத்தா. துவாவும் விடல நான். கொஞ்சம் கொஞ்சமா விரல்ல உணர்ச்சி வந்துச்சு. ஊசி குத்துறது நின்னுச்சு. எங்க தொழுகை முடிக்கும்போது முகத்தை வலது பக்கம் திருப்பி ஒரு சலாம், இடது பக்கம் திருப்பி ஒரு சலாம் சொல்லணும். ரொம்ப நாளா இடது பக்கம் திரும்பவே முடியல எனக்கு. கண்ணை மட்டும் ஓட்டிட்டு முடிச்சுருவேன். ஒருநாள் சாயங்காலம் அசர் தொழுதுட்டு சலாம் கொடுக்குறேன், கழுத்து தானாத் திரும்பிருச்சு. முழுசாத் திரும்பிருச்சு. எப்பவும் அவன் கட்டில் அந்தப் பக்கம்தான் கிடக்கும். நான் சலாம் சொல்லித் திரும்பினா, எனக்குத்தான் சொல்றாங்கன்னு அவனும் கையைத் தூக்குவான். அன்னைக்குத் திரும்பினா சுவர். கட்டிலைப் பரீதா வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க, அவ மாமனாருக்கு.

வலி போச்சேன்னு சந்தோஷப்படாம உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன், என்ன மனசோ.

எந்த மருந்துல வலி கேட்டுச்சுன்னு பேச்சியக்கா கேட்டாங்க. தைலத்துலதான்னு சொன்னேன். பட்டையும் ஒரு காரணம். அந்தத் தைலம் பேரு எழுதித் தர்றேன், நீங்களும் வாங்கித் தேய்ங்க. வேற எதுவும் நான் மாத்திக்கல. அதே சாப்பாடு, அதே பாய். தைலம்தான்.

வலி போயிருச்சுன்னதும் பரீதாகிட்ட, தம்பியைக் கூட்டிட்டு வருவோம்டின்னேன். அவ முகத்தைப் பார்க்கணுமே. "ம்மா, வலி ஏன் போச்சுன்னு உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"ன்னு கேட்டா. தைலம்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. அப்ப நீங்க சொல்லுங்க. வலி சரியாகுற வரைக்கும்னுதானே டாக்டர் சொன்னாங்க? சரியாயிருச்சுல்ல? அப்ப வாக்கு வாக்குதானே? படிச்ச பிள்ளைகளே இப்படிப் பேசினா?

போன மாசம் அவனைப் பார்க்க வந்திருந்தேன், பரீதாவோட. அதுல இருந்துதான் மனசுக்கு ஒப்பல எனக்கு. அவங்க நல்லாத்தான் பார்த்துக்குறாங்க, குறை சொல்லக் கூடாது. நான் தேடி உள்ள போறேன், கட்டில்ல ஆளைக் காணோம். எங்கன்னா வாசல் கேட்டுல இருக்கான். சக்கர நாற்காலி ஒண்ணு கொடுத்திருக்காங்க, இடது கையாலயே தள்ளிக்குற மாதிரி. கழுத்துல ஒரு விசில் தொங்குது. வண்டி வந்தா விசில் ஊதிட்டுக் கயித்தை இழுப்பான், கேட்டு திறந்துக்கும். "எங்க வாட்ச்மேன் இவன்தாம்மா, காலையில டீயைக் குடிச்சதும் முதல் ஆளா இங்க வந்துருவான்"னு சார் பெருமையாச் சொல்றாரு. பரீதா கைதட்டிச் சிரிக்கிறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. என் வீட்ல ஒரு துரும்பை எடுத்துப் போட விட்டதில்லை அவனை நான். இங்க வேலை வாங்குறாங்க. வெள்ளிக்கிழமையானா வேன்ல பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம், ஆம்பளைகளோட வரிசையில இருந்துட்டு வர்றானாம். அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா அந்தக் கேட்டு? காலையில எந்திரிச்சதும் கேட்டுக்கு எதுக்கும்மா போறான்? அம்மா வருவாங்க, வீட்டுக்குப் போகலாம்னுதானே? இது அந்த சாருக்கும் தெரியல, கூடப் பிறந்தவளுக்கும் தெரியல.

கொஞ்சம் கறுத்திருந்தான். கையில காய்ப்புக் காய்ச்சிருந்துச்சு. நாற்காலியை அப்படியே ஒரு சுத்து சுத்திக் காட்டினான். சிரிச்சான். என் எதிர்ல சிரிக்கத்தானே செய்வான்.

கிளம்பும்போது குனிஞ்சேன்.

அவன் பிடிச்சுக்கல.

கன்னத்துல இப்படி ரெண்டு தட்டு தட்டினான், பெரிய மனுஷன் மாதிரி. சலாம்னு கையைத் தூக்கினான். அந்நேரம் பார்த்து வெளிய ஏதோ வண்டி ஹாரன் அடிச்சுது. விசிலை வாயில வச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான்.

ஏன் பிடிச்சுக்கலைன்னு இந்த மாசம் பூரா யோசிச்சுப் பார்த்துட்டேன். ஒருவேளை, கழுத்துல பட்டை போட்டிருந்தேன்ல, அதுல கை வைக்கத் தெரியல அவனுக்கு. அப்படித்தான் இருக்கணும். இல்லைன்னா, விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு கோவம். கோவம்னா எனக்குத் தெரியும், கீழ் உதட்டை மடிப்பான், அன்னைக்கு மடிக்கலையே. இல்லைன்னா தைலம் வாடை. அந்த வாடையில அம்மான்னே தெரிஞ்சிருக்காது. இல்லைன்னா கை வலியா இருக்கும், நாள் பூரா அந்தக் கயித்தை இழுத்தா வலிக்காம என்ன செய்யும். இன்னைக்குப் பட்டையை வீட்லயே கழட்டிப் போட்டுட்டேன். தைலமும் தேய்க்கல. நல்லாக் குளிச்சுட்டு வந்திருக்கேன்.

என்னம்மா கேட்டீங்க? பஸ் சத்தத்துல கேக்கல.

அவன்கிட்ட கேட்டேனான்னா? எதை?

வர்றியான்னா?

...இல்லை. கேக்கல. அவன்கிட்ட என்னத்தைக் கேக்குறது. பால் குடிக்கிறியா, படுக்குறியான்னு கேட்டா ம்ம்னு சொல்லுவான். வேண்டாம்னா தலையை ஆட்டுவான். அது தெரியும் எனக்கு. இதை யாரும் கேட்டதில்லை அவன்கிட்ட. அங்க கொண்டுபோயி விடும்போதும் யாரும் கேக்கல. நானும்தான் கேக்கல.

கேட்டா ம்ம்னுதான் சொல்லுவான். எனக்குத் தெரியாதா. நான் பெத்தவ. ஒருவேளை... ஒருவேளை தலையை ஆட்டினான்னா... புதுசா எதையாவது பார்த்துக்கிட்டு இருப்பான், கவனம் இல்லாம ஆட்டியிருப்பான். பிள்ளைதானே. சரி, கேக்காமலே இருந்துட்டா நல்லதுல்ல? நீங்க என்ன நினைக்கிறீங்க? என்னது, அவன் இஷ்டத்தையும் பார்க்கணுமா?

அந்தா, வளைவுல புளியமரம் தெரியுதுல்ல, அதுதான் நான் இறங்குற இடம். கொஞ்சம் கையைக் கொடுங்க, எந்திரிச்சுக்குறேன். கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும், நிதானமா நிறுத்தச் சொல்லுப்பா.

சரி தங்கச்சி, நீங்க சொன்னதும் ஒரு வகையில சரிதான். ஆனா நான் வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கப் போறதில்லை. அவன் முன்னால போயி முன்ன மாதிரியே குனிஞ்சு நிக்கிறேன். அவ்வளவுதான். அவன் கை வந்தா கூட்டிட்டு வந்துர்றேன். உடனே வரலைன்னாலும் பரவாயில்லை, அவனுக்கு எதுவும் மெதுவாத்தான் வரும். கழுத்துதான் இப்ப நல்லாயிருச்சே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் குனிஞ்சு நிப்பேன்.